பிரிட்டன் சாலையில் காரும் சைக்கிளும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் 11 வருடம் கார் ஓட்டிய நான், இங்கிலாந்தில் எடுத்த முதல் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானேன். பார்க்கிங் சரியாக இருந்தது, ரவுண்டபவுட் சரியாக இருந்தது. ஒரு சைக்கிள்காரரைத் தாண்டிய விதம்தான் காரணம். எதிரே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. வேனுக்கும் சைக்கிளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் காரை நுழைத்துப் போய்விட்டேன். ஊரில் தினமும் செய்ததுதான், தப்பு என்றே தோன்றவில்லை. தேர்வாளர் அதைக் கடுமையான பிழை என்று குறித்தார். அப்படி ஒன்று விழுந்தாலே தேர்வு போயிற்று.

அடுத்த தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. அந்த மாதங்களில் வேலைக்குச் சைக்கிளில் போனேன். முதல் வாரமே ஒரு கார் என் முழங்கையை உரசுகிற மாதிரி போனது. அன்று நான் தாண்டிய ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நம்மில் பலர் ஏமாறுவது ஒரே இடத்தில். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டினோம், இங்கேயும் இடப்பக்கம்தான், எனவே புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் எவ்வளவு இடம் தர வேண்டும் என்ற கணக்கு இங்கே வேறு. அதையும், லைசென்ஸ் எடுக்கும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன். இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் லைசென்ஸ் அலுவலகமும் தேர்வு முறையும் தனி.

1. வந்து சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள்

இந்தியா, இலங்கை, மலேசியா லைசென்ஸை வைத்து, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை கார் ஓட்டலாம். அதற்குப் பிறகு அந்த லைசென்ஸ் இங்கே செல்லாது. தெரியாமல் ஓட்டி மாட்டினால் லைசென்ஸ் இல்லாத குற்றத்தோடு இன்சூரன்ஸ் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வந்தால் இந்தக் கெடு நீளும் என்று சிலர் சொல்வார்கள். நீளாது.

இந்த மூன்று நாட்டு லைசென்ஸையும் நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள், புதிதாகத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் குடியேறிய 5 வருடத்துக்குள் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு மாதம் இருக்கிறதே என்று பத்தாவது மாதம் வரை சும்மா இருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. எல்லா வேலையும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இழுக்கும்.

2. புரொவிஷனல் லைசென்ஸ்

ஓட்டக் கற்பவர்களுக்கான லைசென்ஸ் இது. வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் இது வேண்டும். டிவிஎல்ஏ என்ற அரசு அமைப்பு தருகிறது. நான் கட்டியபோது ஆன்லைனில் 34 பவுண்ட், தபாலில் 43 பவுண்ட்.

தேவையானவை: அடையாள ஆவணம், கடைசி 3 வருடம் குடியிருந்த முகவரிகள், இருந்தால் நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலை செய்பவர்களின் வரி, சமூகக் காப்பீட்டுக் கணக்குக்கான எண்). குறைந்தது 185 நாள் இங்கே வசிக்க அனுமதியும் இருக்க வேண்டும். முகவரிகளைத் தேதியோடு முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஊர் முகவரியையும் சேர்த்து. இடையில் இரண்டு மாதம் நண்பர் வீட்டில் தங்கியதைக்கூட விட வேண்டாம்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, பிரிட்டன் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் தங்கள் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப வேண்டி வரலாம். ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கும் சமயத்தில் விண்ணப்பிக்காதீர்கள். அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, தேடுபொறியில் மேலே வருகிற விளம்பரத் தளங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் இருக்கும், அரசுக் கட்டணத்துக்கு மேல் சேவைக் கட்டணம் என்று பிடுங்குவார்கள். முகவரி கவ் டாட் யூகே என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. ஹைவே கோட்: எப்படிப் படிப்பது

சாலை விதிகள் எல்லாம் ஹைவே கோட் என்ற நூலில் இருக்கின்றன. அரசுத் தளத்தில் இலவசம். படிக்கும்போது இரண்டு சொற்களைப் பிரித்துப் பாருங்கள். 'மஸ்ட்' என்று தடித்த பெரிய எழுத்தில் வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்று வந்தால் அதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது. ஆனால் விபத்து என்று நீதிமன்றம் போனால் உங்களுக்கு எதிராக அதையே எடுத்துக் காட்டலாம். டெஸ்டில் இரண்டுக்கும் மதிப்பெண் போகும்.

பழைய புத்தகம் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 2022 ஜனவரி 29 முதல் சைக்கிள், நடப்பவர் தொடர்பான விதிகள் நிறைய மாறிவிட்டன. அடிப்படை இதுதான்: யாரால் அதிகச் சேதம் விளையுமோ அவருக்குப் பொறுப்பு அதிகம். லாரி காரைப் பார்த்து ஓட்ட வேண்டும், கார் சைக்கிளை, சைக்கிள் நடப்பவரை. நடப்பவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொறுப்பு உண்டு, ஆனாலும் பெரிய வண்டிக்காரர் தப்பிக்க முடியாது.

4. தியரி டெஸ்ட்

கட்டணம் 23 பவுண்ட். 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக வேண்டும். அடுத்தது 14 வீடியோ துண்டுகள். ஆபத்து உருவாகும் கணத்தில் க்ளிக் செய்ய வேண்டும், 75-க்கு 44 வேண்டும். இரண்டிலும் ஒரே நாளில் தேற வேண்டும். தமிழில் கேள்வியோ குரலோ கிடையாது.

வீடியோவில் பலர் தவறுவது, பயத்தில் க்ளிக் க்ளிக் என்று அடித்துக்கொண்டே இருப்பதால். அப்படிச் செய்தால் அந்தத் துண்டுக்கு மதிப்பெண்ணே இல்லை. நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். அவர் அந்தக் காரைச் சுற்றி உங்கள் பாதைக்கு வரப்போகிறார் என்று தெரியும் கணம்தான் க்ளிக் செய்ய வேண்டிய கணம். சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தானாகவே கண்ணில் படும்.

தேர்ச்சி 2 வருடம் செல்லும். அதற்குள் பிராக்டிகல் முடியாவிட்டால் மறுபடி தியரி. தேர்வுக்குப் போகும்போது புரொவிஷனல் கார்டைக் கையில் வைத்திருங்கள். வீட்டில் மறந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பணமும் போய்விடும்.

5. காத்திருக்கும் மாதங்களில் சைக்கிள் எடுங்கள்

தியரி பாஸானதும் பிராக்டிகலுக்குத் தேதி போட்டுவிடுங்கள், வருவதற்கு நாளாகும். அதுவரை சைக்கிளில் போவது நேரத்தை நிரப்புவதற்காக மட்டும் இல்லை. கார் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், சாலை வரி வேண்டாம், இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஹெல்மெட்டும் சட்டப்படி கட்டாயம் இல்லை, போடச் சொல்லித்தான் ஹைவே கோட் சொல்கிறது. நான் போடுகிறேன். மின்சார சைக்கிள் என்றால் மட்டும் கவனம்: 250 வாட்டுக்குள், மிதித்தால் மட்டும் உதவுகிற, மணிக்கு 15.5 மைலில் உதவியை நிறுத்திவிடுகிற மோட்டார்தான் சாதாரண சைக்கிள் கணக்கில் வரும், ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். இதைத் தாண்டினால் அது மோட்டார் வண்டி. பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல வண்டிகள் இந்த வரம்பைத் தாண்டியவை.

இருட்டில் ஓட்ட முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பான், பெடல்களில் ஆம்பர் நிறப் பிரதிபலிப்பான் ஆகியவை சட்டப்படி கட்டாயம். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மே மாதம் சைக்கிள் வாங்குபவர்கள் விளக்கை மறந்துவிடுகிறார்கள், அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றியதும் திண்டாடுகிறார்கள்.

செலவைக் குறைக்க இரண்டு வழி. உங்கள் நிறுவனத்தில் 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். வரிக்கு முந்தைய சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள், வரி மிச்சம். சட்டப்படி இது வாடகை ஏற்பாடு. கடைசியில் சைக்கிளைச் சொந்தமாக்க ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், இடையில் வேலையை விட்டால் மீதியை மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். வேலை மாறும் எண்ணம் இருப்பவர்கள் யோசித்துச் சேருங்கள். இரண்டாவது, பைக்கபிலிட்டி என்ற சைக்கிள் பயிற்சி. பெரியவர்களுக்கும் உண்டு, பல உள்ளாட்சி மன்றங்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகின்றன. எனக்குச் சைக்கிள் தெரியுமே, எதற்குப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். ஏறி மிதிப்பதை அங்கே சொல்லித் தருவதில்லை. சாலையில் எங்கே நிற்பது, எப்போது திரும்பிப் பார்ப்பது என்பதைச் சொல்லித் தருவார்கள்.

6. சைக்கிளில் போகும்போது

நம் பழக்கம் ஓரமாக, இன்னும் ஓரமாக ஒதுங்கிப் போவது. இங்கே அதுதான் ஆபத்து. சாக்கடை மூடி, கண்ணாடித் துண்டு எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். நீங்கள் ஒதுங்க ஒதுங்க, அதே லேனில் உரசிக்கொண்டு போகலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும்.

வண்டிகள் வேகமாகப் போகும் சாலையில் ஓரக் கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி ஓட்டுங்கள். அமைதியான தெருவிலும், வண்டிகள் ஊர்ந்து போகும் இடத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும், சாலை குறுகும் இடத்திலும் லேன் நடுவிலேயே ஓட்டலாம். ஹைவே கோடே அப்படித்தான் சொல்கிறது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் போவதும் தப்பில்லை. பாதுகாப்பாக இருக்கும்போது பின்னால் வருபவர்களைத் தாண்ட விட்டால் போதும். சைக்கிள் லேன் இருந்தாலும் அதில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிறுத்தியிருக்கும் கார் வரிசையை ஒட்டிப் போகும்போது ஒரு மீட்டர், அதாவது ஒரு கதவு அகலம் விட்டுப் போங்கள். லாரி, பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள், சிக்னலில் நின்றாலும் சரி. ஓட்டுநரின் கண்ணாடியை உங்களால் பார்க்க முடியவில்லை என்றால் அவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

நடைபாதையில் ஓட்டினாலும் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் இங்கிலாந்தில் 50 பவுண்ட் அபராதம். மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. வழிகாட்டிச் செயலியில் கார் வழியைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

7. காரில் போகும்போது

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

தாண்டுவது. மணிக்கு 30 மைல் வரை போகும்போது சைக்கிள்காரரிடமிருந்து குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், வேகம் கூடினால் இடமும் கூட வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்: அவர் ஓரத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறார், அதன் மேல் ஒன்றரை மீட்டர், பிறகு உங்கள் கார். சாதாரணச் சாலையில் இது ஒரே லேனில் அடங்காது. எனவே எதிர் லேன் காலியாக இருக்கும்போது அதில் ஏறித்தான் தாண்ட முடியும். காலியாக இல்லையென்றால் பின்னாலேயே போக வேண்டும். என் இன்ஸ்ட்ரக்டர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது: "அங்கே போவது ஒரு கார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காரைத் தாண்ட முடியாத இடத்தில் அவரையும் தாண்டாதீர்கள்." சந்திப்புக்கு முன்னால், சாலை நடுவே மேடை இருக்கும் இடத்தில், வளைவில் தாண்டவே வேண்டாம். அடுத்த சிக்னலில் அவரே உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்.

நடுக்கோடு இரட்டை வெள்ளையாக, உங்கள் பக்கம் தொடர்கோடாக இருந்தால் பொதுவாகத் தாண்டக் கூடாது. சைக்கிள் மணிக்கு 10 மைலுக்குள் போய், எதிர்ப்பக்கமும் காலியாக இருந்தால் மட்டும் கோட்டைக் கடந்து தாண்டலாம்.

ஹார்ன். ஊரில் ஹார்ன் அடிப்பது 'நான் வருகிறேன்' என்று சொல்வது. இங்கே பின்னாலிருந்து ஹார்ன் அடித்தால் திட்டியதாகத்தான் அர்த்தம், சைக்கிள்காரர் திடுக்கிட்டு ஆடியும் போகலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை அடிக்கவே கூடாது. டெஸ்டில் பழக்க தோஷத்தில் கை போய்விடும். இப்போதிருந்தே ஹார்ன் இல்லாமல் ஓட்டிப் பழகுங்கள்.

திரும்புவது. நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது உங்கள் இடப்புறம் நேராகப் போகும் சைக்கிளுக்குத்தான் முன்னுரிமை. அவர் சைக்கிள் லேனில் இருந்தாலும், சாதாரணச் சாலையில் இருந்தாலும். வேகமாகத் தாண்டி அவர் முன்னால் வெட்டித் திரும்பக் கூடாது. அவர் போகட்டும், பின்னால் நின்று திரும்புங்கள். திரும்பும் தெருவை யாராவது நடந்து கடந்துகொண்டிருந்தாலோ கடக்கக் காத்திருந்தாலோ அவருக்கும் வழி விட வேண்டும். இண்டிகேட்டர், கண்ணாடி, அப்புறம் தலையைத் திருப்பி இடத்தோள் பக்கம் ஒரு பார்வை. கண்ணாடியில் தெரியாத சைக்கிள் அங்கேதான் இருக்கும்.

ரவுண்டபவுட். சைக்கிள்காரர் நேராகவோ வலப்பக்கமோ போக வேண்டியிருந்தாலும் இடது லேனிலேயே சுற்றி வரலாம். அவர் இடது லேனில் இருப்பதால் அடுத்த வழியில் வெளியேறிவிடுவார் என்று நினைத்து வெட்டினால் விபத்துதான்.

சிக்னலில் இரண்டு கோடு. சில சிக்னல்களில் சைக்கிள் படம் வரைந்த பெட்டி ஒன்று முன்னால் இருக்கும். சிவப்பிலும் ஆம்பரிலும் கார்கள், மோட்டார் சைக்கிள்கள் முதல் கோட்டிலேயே நிற்க வேண்டும். பெட்டிக்குள் போய் நின்றால் 100 பவுண்ட் அபராதமும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளியும் விழலாம்.

சைக்கிள் லேன். தொடர்கோடு போட்ட லேனில் அது நடப்பில் இருக்கும் நேரத்தில் ஓட்டவோ நிறுத்தவோ கூடாது. விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால், வேறு வழியில்லாதபோது மட்டும்.

கதவு. ஓட்டுநர் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள். கதவால் யாருக்காவது காயமோ ஆபத்தோ வந்தால் 1000 பவுண்ட் வரை அபராதம் விதிக்க முடியும்.

8. பிராக்டிகல் டெஸ்ட்

வார நாளில் 62 பவுண்ட், மாலையிலும் வார இறுதியிலும் 75. அரசுத் தளத்தில் மட்டும் பதியுங்கள். 'சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறோம்' என்று பல மடங்கு கேட்பவர்களிடம் போகாதீர்கள். தேதியை மாற்ற வேண்டுமென்றால் 10 முழு வேலை நாட்களுக்கு முன் மாற்றுங்கள், தாமதித்தால் கட்டணம் போய்விடும். ஃபெயிலானாலும் அடுத்த தேர்வுக்கு 10 வேலை நாள் இடைவெளி வேண்டும்.

20 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு போங்கள். ஏறக்குறைய 40 நிமிடம் ஓட்ட வேண்டும், அதில் 20 நிமிடம் நீங்களே வழி பார்த்து ஓட்ட வேண்டும். சிறு பிழைகள் 15 வரை பரவாயில்லை, கடுமையான பிழை ஒன்றுகூடக் கூடாது. சைக்கிளுக்குப் பின்னால் மெதுவாகப் போனால் தயங்குகிறார் என்று குறைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. தாண்ட இடமில்லாதபோது பின்னால் போவது தயக்கம் ஆகாது. இடம் கிடைத்ததும் தாண்டாமலே இருந்தால்தான் அது தயக்கம். என் இரண்டாவது தேர்வில் ஒரு சைக்கிளுக்குப் பின்னால் வெகுதூரம் போனேன், எதிர்ப்பக்கம் காலியானதும் முழுதாக விலகித் தாண்டினேன். பாஸ்.

9. பாஸான முதல் 2 வருடம்

ஊரில் இருபது வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே நீங்கள் புது ஓட்டுநர்தான். முதல் தேர்ச்சியிலிருந்து 2 வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடி புரொவிஷனல், மறுபடி இரண்டு தேர்வு. கையில் போன் பிடித்து ஓட்டினால் 200 பவுண்டோடு நேராக 6 புள்ளி. சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்ப்பதும் இதில் வரும்.

சைக்கிள்காரரை நெருக்கித் தாண்டுவதைக் கவனமின்றி ஓட்டிய குற்றமாக எடுத்துக்கொள்ள முடியும். பல சைக்கிள்காரர்கள் கேமரா வைத்திருக்கிறார்கள், பெரும்பாலான காவல் துறைகள் அந்த வீடியோக்களை ஆன்லைனில் வாங்கிக்கொள்கின்றன. நீங்களே சைக்கிளில் போகும்போது நெருக்கப்பட்டால் வீடியோவை ஓரிரு நாளிலேயே அனுப்பிவிடுங்கள். வண்டி உரிமையாளருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அதற்குள் போலீஸுக்கும் வேலை இருக்கிறது.

10. மோதல் நடந்துவிட்டால்

நிறுத்துங்கள். காயம் சிறிதாக இருந்தாலும், அவர் 'பரவாயில்லை, போங்கள்' என்று சொன்னாலும், போகாதீர்கள். பெயர், முகவரி, வண்டி எண் கொடுங்கள், வாங்குங்கள். காயம் இருந்தால் அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். விவரங்களைப் பரிமாறிக்கொள்ள முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும், முடிந்தவரை உடனே. சாலையையும் வண்டிகள் நிற்கும் நிலையையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், இழப்பீடு கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் விதி இருக்கிறது.

விழுந்தது நீங்கள் என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலி மறுநாள்தான் தெரியும், பதிவு இருந்தால்தான் பிறகு கேட்க முடியும். உங்கள் சைக்கிள் மோதி மற்றவருக்குச் சேதமானால் செலவு உங்கள் தலையில் விழும். சைக்கிளிங் யூகே, பிரிட்டிஷ் சைக்கிளிங் போன்ற அமைப்புகளின் உறுப்பினர் திட்டங்களில் மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வருகிறது. தினமும் சைக்கிளில் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே அதைப் பார்த்து எடுத்து வையுங்கள்.